நடக்காத கூட்டங்களின் தலைவி

இளங்குமரனுக்குக் கனவுகூட இங்கிலீஷில்தான் வரும் என்று அவனே சொல்லிக்கொள்வான். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்து, திருப்பூர் வேலம்பாளையத்தில் குமாரசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவாகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஹெச்.ஆர். என்றால் என்ன வேலை என்பது உடுமலைப்பேட்டையில் இருக்கிற அவன் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "கம்பெனியில ஆளுகளைப் பாத்துக்கற வேலைங்கப்பா" என்று மகன் விளக்கியதும், "மேஸ்திரியா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவன் ஊருக்குப் போனால் வேலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அவன் மேஜையில் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் ஏழு இருந்தன. ஏழிலும் இரண்டாம் அத்தியாயத்தோடு அடிக்கோடு நின்றுபோயிருக்கும். தினமும் காலை எட்டு மணிக்கு நாற்பது நண்பர்களுக்குச் செல்போனில் ஒரு பொன்மொழி அனுப்புவான். இந்தியா மாறிவிட்டது, மாற்றியது இளைஞர்கள், அந்த இளைஞர்களில் தானும் ஒருவன் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அவன் தனியாக எதை மாற்றினான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் செல்போனைக் காட்டியிருப்பான். வருஷத்துக்கு இரண்டு மாற்றினான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, செக்கிங் செக்‌ஷன் அனுசுயா அவன் முன்னால் வந்து நின்றாள். சிவகங்கைப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயது. தைத்து வந்த பனியனில் தையல் பிரிந்திருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. கம்பெனிக்குப் பின்னாலேயே ஹாஸ்டல். தெற்கத்திப் பக்கத்திலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்த நூற்றுப்பத்துப் பெண்கள் அதில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேட் திறக்காது. பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று நிர்வாகம் சொல்லும். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று மட்டும் சொல்லாது.

"சார், வர்ற ஞாயித்துக்கெழமை எனக்குப் பரீட்ச இருக்கு. தபால்ல பி.பி.ஏ. படிக்கிறேன், மொத வருசம். மூணு ஞாயிறு, மூணு பேப்பரு. கேட்டைத் தொறந்துவிடச் சொன்னீகன்னா எழுதிப்புட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்."

இளங்குமரனுக்குப் புல்லரித்துவிட்டது. தையல் பார்க்கிற பெண் பி.பி.ஏ. படிக்கிறாள்! மாறிவரும் இந்தியா தானாகவே நடந்து வந்து அவன் மேஜைக்கு முன்னால் நிற்கிறது. அவளை உட்காரச் சொல்லி, இலக்கு என்றால் என்ன, வெற்றி என்றால் என்ன, நேர்மறையாகச் சிந்திப்பது எப்படி என்று இருபது நிமிஷம் பேசினான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பேசி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்:

"ஆனா இந்த மாசம் ஷிப்மெண்ட் இருக்குதும்மா. ஹாஸ்டல் ரூல்னு வேற ஒண்ணு இருக்குதல்ல. உனக்குத் தொறந்துவிட்டா எல்லாரும் கேப்பாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"போன வருசமும் இப்பிடித்தான் சார் சொன்னாக. அப்ப நீங்க இல்ல, வேற சார் இருந்தாக. இந்தத் தடவையும் எழுதலைன்னா பேரையே அடிச்சுருவாக சார்."

"நீ பாசிட்டிவா யோசிக்கணும்" என்றான் இளங்குமரன்.

அவள் எழுந்து போய்விட்டாள். அவனுக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. உறுத்தல் தீர ஒரு டீ சொன்னான்.

டீ வருவதற்குள் முதலாளி கூப்பிட்டார். குமாரசாமி கைத்தறிக் குடும்பத்தில் பிறந்து, பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் நாலு போட்டு ஆரம்பித்து, இப்போது கப்பலில் அனுப்பும் அளவுக்கு வந்தவர். மேஜைக்குப் பின்னால் ஆளுயர முருகன் படம், பக்கத்தில் தினசரி காலண்டர். ராகு காலம் பார்க்காமல் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார்.

"கண்ணு, வியாழக்கிழமை ஆடிட் வர்றாங்களாமா. நம்ம சரக்கு வாங்கற ஐரோப்பா பையரு. புதுசா ஒண்ணு கேக்கறானுங்க, தொழிலாளர் கமிட்டியாமா. மாசாமாசம் கூட்டம் போட்டு, பேசினதை நோட்டுல எழுதி வெச்சிருக்கோணுமாமா. இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

"எத்தனை நாளா இருக்குதுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு வருசம்னு வாயில வந்துருச்சு" என்றார் முதலாளி, தும்மல் வந்துவிட்டது என்பது மாதிரி. "உன்ற படிப்பு எதுக்கு இருக்குது? பண்ணிப்போடு."

இரண்டு வருஷம் என்றால் இருபத்து நாலு கூட்டம். கையில் இருப்பது இரண்டு நாள். இளங்குமரன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். அட்டை போட்ட நீளமான நோட்டு, நாலு நிறத்தில் பேனா, பழசாகத் தெரிவதற்கு ஓரங்களில் தொட்டுவைக்க ஆறிய டீ. கூட்டம் ஒவ்வொரு மாதமும் மூன்றாவது சனிக்கிழமை என்று முடிவு செய்து, கம்ப்யூட்டரில் தேதிகளை எடுத்துக்கொண்டான். முதலாளி அறைக் காலண்டரைக் கிழித்துப் பார்க்கும் பத்தாம்பசலித்தனம் அவனுக்கு ஆகாது.

முதல் மூன்று கூட்டங்கள் வறட்சியாகப் போயின. குடிதண்ணீர் கேட்டார்கள், கொடுக்கப்பட்டது. மின்விசிறி கேட்டார்கள், மாட்டப்பட்டது. நாலாவது கூட்டத்தில் கை சூடு பிடித்துவிட்டது. அவனுக்குள் இப்படி ஒரு எழுத்தாளன் படுத்துக் கிடந்தான் என்று அவனுக்கே அன்றுதான் தெரியும். தொழிலாளிகள் நூலகம் கேட்டார்கள். நிர்வாகம் பெருமகிழ்ச்சியுடன் ஏற்றது. யோகா வகுப்பு கேட்டார்கள். நிர்வாகம் 'நாங்களே சொல்ல நினைத்தோம்' என்றது. ஒன்பதாம் கூட்டத்தில், ஞாயிறுதோறும் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஹாஸ்டல் கேட்டைத் தாராளமாகத் திறந்துவிட்டான். பதிமூன்றாம் கூட்டத்தில் சாம்பாரில் பருப்பின் அளவு குறித்துக் காரசாரமான விவாதம் நடந்து, சமையல்காரர் மன்னிப்புக் கேட்டார். அந்த இடத்தில் இளங்குமரனுக்கே கண் கலங்கியது.

இருபத்து நாலாவது கூட்டத்துக்கு வரும்போது சரக்கு தீர்ந்துவிட்டது. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். திங்கட்கிழமை காலை ஞாபகம் வந்தது. 'அஞ்சல் வழியில் பயிலும் செல்வி அனுசுயாவுக்குத் தேர்வு நடைபெறும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுப்பு அளிக்கப்படுகிறது. தேர்வு மையத்துக்கு அழைத்துச் செல்ல நிர்வாகம் தன் காரை மனமுவந்து வழங்குகிறது' என்று எழுதி முடித்தான். அன்றையிலிருந்து இருந்த உறுத்தல் போன இடம் தெரியவில்லை. காகிதத்திலாவது அவளுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது. கார் கொடுத்தது முதலாளிதான் என்றாலும் பெருந்தன்மை இவனுடையது.

முதலாளி நல்ல நேரம் பார்த்து இருபத்து நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். ஒரு வரி படிக்கவில்லை. கமிட்டித் தலைவியாக இளங்குமரன் அனுசுயாவையே போட்டான். பிளஸ் டூ முடித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், 'குட் மார்னிங் மேடம்' என்று பிசிறில்லாமல் சொல்லுவாள். உறுப்பினர்கள் ஹாஸ்டலிலிருந்தே இன்னும் பதினோரு பேர். அவர்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். அனுசுயா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"படிக்கறதுக்கு இல்லம்மா, கையெழுத்துக்கு" என்றான்.

"செக்கிங்ல பழகிப்போச்சு சார். பாக்காம தள்ள வராது."

யோகா வகுப்பு வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பதாம் கூட்டத்தை இரண்டு முறை படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. இளங்குமரனுக்கு முகம் சூடேறியது.

"அது ஒரு எக்ஸாம்பிளுக்கு..." என்று மென்று முழுங்கினான்.

அவள் பேனாவை எடுத்தாள். இருபத்து நாலு இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்கும்போது கேட்டாள்: "சார், ஆடிட்ல என்னைத்தான கேப்பாக? ஒரு காப்பி குடுத்தீகன்னா மனப்பாடம் பண்ணிக்கிருவேன்."

இதுவல்லவா பொறுப்பு என்று இளங்குமரன் பூரித்துப்போனான். தானே மெஷின் முன்னால் நின்று ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்துக் கொடுத்தான்.

வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து ஆடிட்டர் வந்தாள். பெயர் அபிராமி, கார்டில் அபி என்று போட்டிருந்தது. வயது இருபத்தெட்டு இருக்கும். ஜீன்ஸ், கழுத்தில் கேமரா, கையில் பாட்டில் தண்ணீர். ஃபயர் எக்ஸ்டிங்க்விஷரைத் தொட்டுப் பார்த்தாள், கக்கூஸ்களை எண்ணினாள், பெண்களைப் பார்த்து 'ஸோ ஸ்வீட்' என்றாள். பிறகு முதலாளி அறையில் உட்கார்ந்து, கமிட்டித் தலைவியையும் வரவழைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்தாள். பத்துப் பக்கம் தாண்டியதும் அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. பதினேழாவது கூட்டத்தில் அந்த மலர்ச்சி சட்டென்று நின்றது.

"போன வருஷம் அக்டோபர் மூணாவது சாட்டர்டே. அன்னிக்கு தீபாவளி இல்ல? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்குத்தான் எங்க அக்காவுக்குத் தலை தீபாவளி. தீபாவளி அன்னிக்கு மீட்டிங் போட்டீங்களா?"

இளங்குமரன் நோட்டை எட்டிப் பார்த்தான். தீபாவளி என்றால் திருப்பூரில் காக்காய்கூட இருக்காது. தெற்கே போகிற பஸ்களில் கூரைமேல் ஆள் இருக்கும். அவன் கம்ப்யூட்டர் காலண்டரில் தீபாவளி இல்லை. முதலாளி தன் தினசரிக் காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இளங்குமரனை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது பார்வையில் அவன் வேலை போய்விட்டிருந்தது.

"ஆமா மேடம், அன்னைக்குத்தான் கூடுனோம்" என்றாள் அனுசுயா. "ஹாஸ்டல் பிள்ளைக யாரும் ஊருக்குப் போகல. மெசின் ஓடல. வருசத்துல அன்னைக்கு ஒருநாள்தான் மேடம் எல்லாரும் உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம்."

அபிராமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பண்டிகை நாளில்கூடக் கமிட்டியை நினைத்த பெண்கள்! அதைத் தன் படிவத்தில் தனிப் பத்தியாக எழுதினாள். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லைபோலும்.

இளங்குமரனுக்கு மட்டும் சுருக்கென்றது. அந்தத் தீபாவளிக்கு அவன் உடுமலையில் மூன்று நாள் வெடி வெடித்தான். ஹாஸ்டலில் நூற்றுப்பத்துப் பேர் பூட்டின கேட்டுக்குள் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. ஆளுகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருப்பவன் அவன். அவள் சொன்னது தன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். யோசித்துப் பார்த்தால், அந்த நோட்டு சம்பந்தமாக அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்ட ஒரே நிஜம் அதுதான்.

கடைசிப் பக்கம் வந்ததும் அபிராமி துள்ளிவிட்டாள். "வர்ற சண்டேவா எக்ஸாம்? நான் மண்டே வரைக்கும் திருப்பூர்லதான் இருக்கேன். நானே வந்து ஃபோட்டோ எடுக்கறேன். எங்க பையருக்கு இது பெரிய சக்ஸஸ் ஸ்டோரி!"

"அதுக்கென்னங்க, தாராளமா வாங்க" என்றார் குமாரசாமி. அவர் சிரிப்பு வாயிலேயே ஒட்டிக்கொண்டு, அவள் கார் ஏறிப் போன பிறகும் இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் இளங்குமரனிடம் கேட்டார்: "ஏஞ்சாமி, எழுதறதுதான் எழுதினே, பஸ்ஸுன்னு எழுதக் கூடாதா? என்ற காரா கிடைச்சுது?"

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளியின் வெள்ளைக் கார் ஹாஸ்டல் வாசலில் நின்றது. அனுசுயா ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, குமாரசாமி அவள் தலைமேல் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய, பக்கத்தில் இளங்குமரன் டை கட்டிக்கொண்டு நிற்க, அபிராமி பதினான்கு படம் எடுத்தாள். அனுசுயா போனாள், எழுதினாள், திரும்பி வந்தாள். திங்கட்கிழமை அபிராமி பெங்களூர் போய்விட்டாள். புதன்கிழமை, ஆடிட்டில் கம்பெனி தேறிவிட்டது என்று மெயில் வந்தது. முதலாளி முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, "கார் கதை அதோட முடிஞ்சுது" என்றார்.

முடியவில்லை. வியாழக்கிழமை ஹாஸ்டல் வார்டன் பழனியம்மாள் பதறிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, புள்ளைங்கெல்லாம் ஞாயித்துக்கெழமை கேட்டைத் தொறக்கோணும்னு சொல்லுதுங்க. ஒம்பதாவது கூட்டத்துல எழுதியிருக்குதாமாங்க. ஒருத்தி வேற, யோகா வாத்தியாரு எப்ப வருவாருன்னு கேக்கறாளுங்க."

அந்த ஜெராக்ஸ் ஹாஸ்டலில் கை மாறிக்கொண்டிருந்தது. முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும் பக்கத்துக்குப் பக்கம் பளிச்சென்று இருந்தன. குமாரசாமி கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் பயப்பட வேண்டும்.

"நோட்டுல எழுதி வந்த வெனைய நோட்டுலயே எழுதி முடி கண்ணு. இருபத்தஞ்சாவது கூட்டம். ஞாயித்துக்கெழமை வெளிய போறது பாதுகாப்பில்ல, கேட்டைப் பூட்டியே வெய்யுங்க, பரீட்சைக்கும் போகலைன்னு அந்தப் புள்ளைங்களே ஒருமனசா கேட்டுக்கறாங்கன்னு எழுதி, அந்தத் தலைவிகிட்டக் கையெழுத்து வாங்கிப்போடு. சனிக்கிழமைக்குள்ள ஆகோணும். ஆகலைன்னா உன்ற இடத்துக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

இளங்குமரன் எழுதினான். கேட்கவே வேண்டாம், அருமையாக வந்தது. 'எங்கள் நலனில் அக்கறை கொண்ட நிர்வாகத்தை இருகரம் கூப்பி வேண்டுகிறோம்' என்று முடித்தபோது, எழுதிய கையைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் முற்றுப்புள்ளியை மறக்காமல் வைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கூடத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனான். அனுசுயா புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் இரண்டாவது பேப்பர். நோட்டை வாங்கி, வழக்கம்போல ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இந்தக் கூட்டம் எப்ப சார் நடந்துச்சு?"

"இன்னிக்கு நடந்ததா வெச்சுக்கலாம்."

"நடக்காத கூட்டத்துக்கு எப்பிடி சார் கையெழுத்துப் போடுறது?"

இளங்குமரனுக்கு எரிச்சல் வந்தது. "இருபத்து நாலு கூட்டத்துக்குப் போட்டியே, அதெல்லாம் நடந்துதா?"

"அது எங்களுக்குக் குடுக்குறதா எழுதியிருந்தீக. குடுக்குறத வாங்கிக்கிறதுக்குக் கூட்டம் எதுக்கு சார், கையெழுத்துப் போதும்" என்றாள் அவள் அமைதியாக. "இது எங்ககிட்டருந்து எடுக்குறது. எடுக்குறதுன்னா எங்களக் கேக்கணும்ல?"

அவன் எம்.பி.ஏ.வில் இரண்டு வருஷம் படித்ததில் இதற்குப் பதில் எந்தப் பேப்பரிலும் இல்லை. அதற்குள் அவள் குரல் கொடுத்துவிட்டாள். மற்ற பதினோரு பேரும் தட்டைக் கழுவிய கையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூக்கம்மாள் என்ற பெண் அவனுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர்களுக்குப் பின்னால் மீதி ஹாஸ்டலும் வந்து நின்றது.

"படிங்க சார்" என்றாள் தலைவி.

படித்தான். எழுதும்போது தேனாக இருந்த வரிகள், அந்த முகங்களுக்கு முன்னால் வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கில் ஒட்டிக்கொண்டன. 'இருகரம் கூப்பி' வந்த இடத்தில்கூட யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"இதுக்குச் சம்மதம்ங்கிறவுக கை தூக்குங்க" என்றாள் அனுசுயா.

ஒரு கையும் எழவில்லை. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. அது மூன்றாவது கூட்டத்தில் அவன் மாட்டியதல்ல. எப்போதோ இருந்த பழசு.

"யாருக்கும் சம்மதமில்லன்னு எழுதுங்க சார்."

ஒரு கல்யாண மண்டபத்தையே காகிதத்தில் கட்டிக்கொடுக்கக்கூடியவனுக்கு அந்த ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் இரண்டு அடித்தல் விழுந்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை எல்லோரும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்கள். முதலாளி கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் ரூமில் செல்போன் அடித்தது. அந்த நேரத்தில் நாற்பது பேருக்குப் பொன்மொழி போயிருக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேசியது கேட் வாட்ச்மேன் சோணைமுத்து.

"சார், பிள்ளைக வெளிய போகணும்னு நிக்கிதுக. ஒரு அறுபது எழுபது இருக்கும். அந்த அனுசுயாப் பொண்ணு பரீட்சைக்கு நேரமாச்சுன்னு நிக்கிது. மொதலாளி சீல் வெச்ச பேப்பரக் காட்டுதுக. மொதலாளிக்கு அடிச்சேன், கோயிலுக்குப் போயிருக்காகளாம், போனு வீட்ல இருக்காம். தொறக்கவா, வேண்டாமா? சொல்லுங்க சார்."

பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொன்னால் வேலை மிஞ்சும். நாளைக்கு இன்னொரு நோட்டு வாங்கலாம். அவள் பெயரை எங்கோ ஒரு ஆபீஸில் யாரோ ஒரு குமாஸ்தா சிவப்பு மையில் அடிப்பான். அதை இவன் பார்க்கக்கூட வேண்டியதில்லை. திற என்று சொன்னால் திங்கட்கிழமை காலையில் முதலாளி சத்தம் போடாமல் பேசுவார். இதுவரை எந்த விஷயத்திலும் முடிவென்று ஒன்றை எடுக்காமலே இருபத்தைந்து வயதுவரை வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சார், லைன்ல இருக்கீகளா?"

திற என்கிற ஒரு சொல் அவன் வாயில் கடைசிவரை வரவில்லை.

"நோட்டுல என்ன எழுதியிருக்குதோ, அதும்படி செய்யுங்க" என்றான்.

போனை வைக்கவில்லை. இரும்புக் கேட் தரையை உரசிக்கொண்டு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் வெறும் செருப்புச் சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தது.